மண்வேலையின் கரியமில வாயு: வண்டியை மாற்றினால் போதுமா?

3 பிப்ரவரி 2025, வாசகர் ஒருவரின் கேள்வி

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் தொழிற்பேட்டைக்காகச் சீமைக் கருவேலங் காட்டை அழித்து நிலத்தைச் சமன் செய்யப் போகிறார்கள். டீசல் பொக்லைன்களையும் டிப்பர்களையும் மின்சார வண்டிகளாக மாற்றிவிட்டால் இப்படிப்பட்ட பணிகளின் பசுங்குடில் வாயுப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. மற்றதெல்லாம் காகிதப் பேச்சு. மறுப்பவர் உண்டா?

3 பிப்ரவரி, இரவு

மறுக்கிறேன். இராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடிப் பக்கங்களில் மண்வேலைக்கு எஸ்டிமேட் போட்டும் களத்தில் நின்று மட்டம் எடுத்தும் பிழைப்பவன் நான். முதல் வண்டி களத்தில் இறங்குவதற்கு முன்பே உமிழ்வின் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. எல்லைக் கல்லை எங்கே நட்டார்கள், நிலத்தை எந்த மட்டத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்கள், மண் எத்தனை கிலோமீட்டரிலிருந்து வருகிறது, வெட்டிய செடியை என்ன செய்யச் சொன்னார்கள் என்பவைதாம் அதைத் தீர்மானிக்கின்றன. கணக்கை நாளை எழுதுகிறேன்.

4 பிப்ரவரி

ஒரு ஹெக்டேர் நிலத்தை எடுத்துக்கொள்வோம். நடுத்தர அடர்த்தியில் சீமைக் கருவேலம் நிற்கிறது. உலர்ந்த எடையில் 30 டன் என்று வைத்துக்கொள்ளலாம். மரத்தின் உலர் எடையில் ஏறக்குறைய 47 சதவீதம் கார்பன். ஒரு டன் கார்பன் எரிந்தாலோ மக்கினாலோ 3.67 டன் கரியமில வாயு ஆகும். ஆகவே தரைக்கு மேலிருக்கும் செடியில் மட்டும் 50 டன்னுக்குச் சற்று மேல் இருக்கிறது. வேர் இதில் சேரவில்லை.

அடுத்தது மண். மேல் 30 சென்டிமீட்டரில் சுமார் 4,200 டன் மண் இருக்கும். நம் பக்கத்து மானாவாரி நிலங்களில் அங்ககக் கார்பன் அரை சதவீதத்தை ஒட்டியே இருப்பதால் அது 21 டன் கார்பன், அதாவது 77 டன் கரியமில வாயுவுக்குச் சமம். நிலத்தின் மேல் தளம் போட்டு மூடினால் மண்ணின் கார்பனில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்று எடுத்துக்கொள்ளுமாறு ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. அது 15 டன்.

கடைசியாக டீசல். சராசரியாக ஒரு மீட்டர் ஆழம் வெட்டினால் 10,000 கன மீட்டர். இருபது டன் பொக்லைன் மணிக்கு 15 லிட்டர் குடித்து 100 கன மீட்டர் எடுத்தால் வெட்டுவதற்கு 1,500 லிட்டர், லிட்டருக்கு 2.7 கிலோ என்றால் 4 டன். அந்த மண்ணை 25 டன் ஏற்றும் டிப்பரில் 10 கிலோமீட்டர் கொண்டுபோனால் 640 நடை. போகும்போது லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர், காலியாகத் திரும்பும்போது ஐந்து என்று போட்டால் 3,400 லிட்டர், அதாவது 9 டன். கிரேடர், ரோலர், தண்ணீர் லாரி எல்லாம் சேர்த்தாலும் டீசல் கணக்கு 15 டன்னை ஒட்டித்தான் நிற்கும்.

ஆக, மொத்தம் 80 டன்னில் செடி 50, மண் 15, டீசல் 15. மின்சார வண்டி தொடுவது கடைசிப் பதினைந்தை மட்டுமே. இந்த எண்கள் இடத்துக்கு இடம் மாறும். மண் 40 கிலோமீட்டரிலிருந்து வரும் பணியில் டிப்பரின் டீசல் மட்டுமே செடியின் கணக்கை நெருங்கிவிடும். ஆனால் எஸ்டிமேட் போடும்போது செடிக்கும் மேல்மண்ணுக்கும் ஒரு வரிகூட இல்லாமல் டீசலைப் பற்றி மட்டும் பேசுவது எங்கேயும் சரியாகாது.

4 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

“சீமைக் கருவேலம் ஒழிய வேண்டிய செடிதானே, அதை ஏன் நஷ்டக் கணக்கில் சேர்க்கிறீர்கள்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒழிய வேண்டிய செடிதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதன் கார்பன் வானத்துக்குப் போகும் வழி மட்டும் நம் கையில் இருக்கிறது.

5 பிப்ரவரி

அந்த வழியைப் பற்றி. களத்தில் நான் பார்த்த முறைகளில் மிக மோசமானது, பச்சையாகக் குவித்து டயர் போட்டுக் கொளுத்துவது. திறந்த வெளியில் அரைகுறையாக எரியும்போது கரியமில வாயுவோடு மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் வெளியேறுகின்றன. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல 27 மடங்குக்கு மேலும், நைட்ரஸ் ஆக்சைடு 273 மடங்கும் சூடேற்றும். சமையலுக்கோ சூளைக்கோ கொதிகலனுக்கோ பயன்படாமல் வெறுமனே எரிவதால், அங்கெல்லாம் அதற்கு ஈடாக வேறு எரிபொருள் எரிகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இதற்கு அடுத்தது பள்ளம் தோண்டிப் புதைப்பது. பார்வைக்கு இடம் சுத்தமாகிவிடுவதால் மேற்பார்வையாளர்களுக்கு இது பிடிக்கும். தண்ணீர் தேங்கும் இடமாக இருந்தால் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வரும். சில ஆண்டுகளில் மேலே கட்டிய தளமும் உள்வாங்கும்.

நம் மாவட்டங்களில் நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. கட்டையைத் தறித்து உயிர்மப்பொருள் மின் நிலையத்துக்கோ செங்கல் சூளைக்கோ விற்றால் நிலக்கரிக்கு மாற்றாகிறது, காசும் கிடைக்கிறது. விறகு பொறுக்கிப் பிழைக்கும் பெண்களுக்குக் காடு அழிவதற்கு முன்பே சொல்லி, வெட்டும் கூலியையும் விறகையும் அவர்களுக்குக் கொடுப்பது நியாயமும்கூட. குச்சியையும் இலையையும் தூளாக்கும் இயந்திரத்தில் போட்டு மேல்மண் குவியலுக்கு மூடாக்காகப் போடலாம்.

கரிமூட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மண் மூடிப் புகைய விடும் மரபான மூட்டத்தில் வரும் புகையில் மீத்தேன் இருக்கிறது. அதை அப்படியே பரிந்துரைக்க என்னால் முடியாது. புகையையும் உள்ளுக்குள்ளேயே எரிக்கும் உலோகச் சூளையில் கரியாக்கி, அந்தக் கரியைத் தூளாக்கி மண்ணில் கலந்தால் கார்பனில் ஒரு பகுதி பல பத்தாண்டுகளுக்கு மண்ணிலேயே தங்கும்.

9 பிப்ரவரி

மின்சார வண்டியைப் பற்றிக் கேள்வி கேட்டவருக்கு நான் இன்னும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை.

ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கை வேலையாக மாற்றும். அதே வேலையை மின்மோட்டார் செய்ய, பேட்டரி இழப்பையும் சேர்த்து, 3.7 யூனிட் அளவுக்கு மின்சாரம் வேண்டும். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு இன்று சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. பெருக்கினால் 2.6 கிலோ, டீசலின் 2.7 கிலோவுக்கு ஏறத்தாழச் சமம். கச்சா எண்ணெயை எடுத்துச் சுத்திகரித்துக் கொண்டுவரும் உமிழ்வைச் சேர்த்தால் டீசல் பக்கம் கொஞ்சம் கூடும். நிலக்கரியைத் தோண்டிக் கொண்டுவருவதற்கும் உமிழ்வு உண்டு.

நெய்வேலியைப் பாருங்கள். அங்கே மண்ணை வெட்டும் ராட்சதச் சக்கர எந்திரங்கள் பல பத்தாண்டுகளாக மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. வெட்டிய மேல்மண்ணைக் கொண்டுபோவதும் மின்சாரக் கன்வேயர்தான். ஆனால் அந்த மின்சாரம் பழுப்பு நிலக்கரியிலிருந்து வருவது.

நார்வேயின் ஓஸ்லோ நகரம் 2019-இல் ஐந்தாம் ஓலாவ் மன்னரின் பெயர் கொண்ட தெருவைப் புதுப்பிக்கும் பணியை மின்சார இயந்திரங்களைக் கொண்டு நடத்தியது. 2025 முதல் நகராட்சிப் பணிகள் எல்லாமே உமிழ்வில்லாமல் நடக்க வேண்டும் என்றும் வைத்திருக்கிறது. அந்த நாட்டு மின்சாரம் ஏறக்குறைய முழுக்க நீரிலிருந்தும் காற்றிலிருந்தும் வருவது என்பதால் அங்கே அந்த முடிவு முழுப் பலன் தருகிறது. நம்மிடம் காற்றாலையும் சூரிய மின்சாரமும் நிறைந்த பகலில் சார்ஜ் செய்ய ஏற்பாடு இருந்தால் இங்கேயும் பலன் தரும்.

ஈ.பி. லைனே வராத பொட்டலில் டீசல் ஜெனரேட்டர் வைத்து மின்சார வண்டிக்குச் சார்ஜ் போடுவதென்றால் டீசலையே நேராக ஊற்றிவிடலாம்.

9 பிப்ரவரி, மாலை

புதிய எஞ்சின் விதிகளைப் பற்றிக் கேட்டவருக்கு: கட்டுமான வண்டிகளின் புகை விதிகளில் 2021-இல் நான்காம் நிலையும் 2025-இல் ஐந்தாம் நிலையும் வந்தன. அவை புகைக்கரியையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் கட்டுப்படுத்துகின்றன. ஓட்டுநரின் நுரையீரலுக்கு இது பெரிய நன்மை, புகைக்கரி குறைவதால் வெப்பமும் ஓரளவு குறையும். ஆனால் ஒரு கன மீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பதை இந்த விதிகள் கேட்பதில்லை.

10 பிப்ரவரி

“ஆபரேட்டர்கள் வண்டியை அணைக்காமல் நிறுத்திவைப்பதுதான் வீண்செலவு” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வண்டி வெறுமனே உறுமிக்கொண்டிருக்கும் நேரம் எஞ்சின் மணிக்கணக்கில் மூன்றில் ஒரு பங்குவரை போவது உண்மை. அதற்கு ஆபரேட்டரைக் குறை சொல்வதை நான் ஏற்கவில்லை. டிப்பர் வரிசையாக வராமல் கூட்டமாக வந்து, பிறகு அரைமணி நேரம் ஒன்றும் வராமல் இருந்தால் அவர் என்ன செய்வார்? பேட்டரி பலவீனமான பழைய வண்டியை அணைத்தால் மறுபடி எடுக்குமா என்ற பயம் அவருக்கு. மே மாத வெயிலில் இரும்புக் கூண்டுக்குள் இருப்பவரிடம் ஏ.சி.யை நிறுத்து என்று சொல்ல நான் தயாராக இல்லை.

ஒரு பொக்லைனுக்கு எத்தனை டிப்பர் என்பதைத் தூரத்தைப் பொறுத்துக் கணக்கிட்டு அனுப்புவதும், காத்திருக்க ஒரு நிழற்கொட்டகை போடுவதும் மேலாளரின் வேலை. டீசல் யார் கணக்கு என்பதும் முக்கியம். மணி வாடகை வண்டிக்கு டீசல், வாடகைக்கு எடுப்பவரின் பொறுப்பு என்றால், வண்டி ஓடும் ஒவ்வொரு மணியும் உரிமையாளருக்கு வருமானம். மிச்சப்படும் டீசலில் ஒரு பங்கை ஆபரேட்டரின் பேட்டாவோடு சேர்த்துக் கொடுத்த இடங்களில் யாரும் சொல்லாமலே எஞ்சின்கள் அணைந்தன.

17 பிப்ரவரி

தூரத்தைக் குறைக்க, கிடைக்கும் மோசமான மண்ணிலேயே சிமென்ட் கலந்து உறுதிப்படுத்தலாமே என்ற யோசனை வந்திருக்கிறது. பொறியாளர்கள் நிறையப் பேர் இதைப் பசுமையான முறை என்றே நம்புகிறார்கள். பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.

ஒரு டன் மண்ணில் 5 சதவீதம் சிமென்ட் என்றால் 50 கிலோ. சாம்பல் கலந்த சிமென்டாக இருந்தாலும் கிலோவுக்கு 0.6 கிலோ கரியமில வாயு என்று வைத்தால் 30 கிலோ. அதே ஒரு டன் மண்ணைப் பத்துக் கிலோமீட்டர் டிப்பரில் கொண்டுவந்தால் 0.6 கிலோதான் ஆகிறது. ஆகவே அந்தச் சிமென்டின் உமிழ்வுக்கு ஈடாக நல்ல மண்ணை ஐந்நூறு கிலோமீட்டரிலிருந்து கொண்டுவந்திருக்கலாம். சாதாரண மண்கரைக்கோ மேடைக்கோ சிமென்ட் கலப்பதில் உமிழ்வைப் பொறுத்தவரை நியாயமே இல்லை.

சாலையின் மேலடுக்குகளில் நிலைமை வேறு. அங்கே சிமென்ட் கலந்த அடுக்கால் ஜல்லியின் தடிமனும் தாரின் தடிமனும் குறையுமானால் இரு பக்கத்தையும் வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும். சில சமயம் லாபமாக வரும்.

18 பிப்ரவரி

நேற்றைய குறிப்போடு சாம்பலையும் சேர்க்கிறேன். அனல்மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் நடக்கும் சாலை, கரைப் பணிகளில் நிலக்கரிச் சாம்பலைப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசின் 2021 டிசம்பர் அறிவிக்கை சொல்கிறது. சாம்பல் குளங்கள் உடைந்து ஆறுகள் நாசமாவதைத் தடுக்க இது தேவை. கண்மாயிலும் மேட்டிலும் தோண்டுவதும் குறைகிறது. ஆனால் 300 கிலோமீட்டர் டிப்பரில் வந்தால் டன்னுக்கு 17 கிலோ உமிழ்வு. அதே சாம்பல் சிமென்ட் ஆலைக்குப் போய்க் சிமென்டாக அரைக்கப்படும் சுட்ட கட்டியான கிளிங்கரின் இடத்தைப் பிடித்தால் ஒவ்வொரு கிலோவும் முக்கால் கிலோவுக்கு மேல் மிச்சப்படுத்தும். பக்கத்தில் இருந்தால் கரைக்கு, தொலைவில் இருந்தால் சிமென்டுக்கு என்பதே என் நிலைப்பாடு.

2 மார்ச்

மட்டத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த இழையில் நான் சொல்ல வந்ததே இதுதான்.

நான்குவழிச் சாலையின் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் அகலம் 25 மீட்டர், சரிவு ஒன்றுக்கு இரண்டு. உயரம் ஆறு மீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 2,22,000 கன மீட்டர் மண் வேண்டும். மூன்று மீட்டர் என்றால் 93,000 போதும். உயரம் பாதியாகும்போது மண் பாதிக்கும் கீழே போகிறது, ஏனென்றால் உயரம் கூடக் கூட அடி அகலமும் விரிகிறது. அந்த வித்தியாசத்தை வெட்டவும் பத்துக் கிலோமீட்டர் சுமக்கவும் ஆகும் டீசல் மட்டும் ஒரு கிலோமீட்டருக்கு 170 டன் கரியமில வாயு. எந்த மின்சார வண்டியும், எந்தப் புதிய எஞ்சினும் இந்த அளவுக்கு மிச்சம் பிடித்துத் தராது. ஊர்க்காரர்கள் சாலைக்கு அடியில் கடக்கும் சுரங்கப்பாதைகளைச் சேர்த்து அமைப்பதா, ஊருக்கு ஊர் தனித்தனியாக வைத்துக் கரையை நெடுக உயர்த்தியே கொண்டுபோவதா என்பது வரைபடத்தில் ஒரு கோடுதான். அந்தக் கோட்டைப் போடும் மேசையில் உமிழ்வைப் பற்றிக் கேட்கும் ஆள் ஒருவரும் இருப்பதில்லை.

தொழிற்பேட்டைக்கு வருவோம். 400 மீட்டர் நீளத்தில் நூற்றுக்கு இரண்டு சரியும் நிலத்தை ஒரே மேடையாக்கினால் மேல்பக்கம் நான்கு மீட்டர் வெட்டிக் கீழ்ப்பக்கம் நான்கு மீட்டர் நிரப்ப வேண்டும். பத்து ஹெக்டேருக்கு ஒரு லட்சம் கன மீட்டர் வருகிறது. அதையே நூறு நூறு மீட்டராக நான்கு படிமேடைகளாக அமைத்தால் 25,000 போதும். மண் நகரும் தூரமும் நான்கில் ஒரு பங்காகிறது. படிகளின் விளிம்பில் கல் பதிக்க வேண்டும், கொஞ்சம் இடம் போகும், லாரி ஏற ஒரு சரிவுப் பாதை வேண்டும். இவற்றைச் சொல்லித்தான் ஒரே மேடைக்கு ஒப்புதல் வாங்குகிறார்கள். நிலத்தின் சரிவுக்கு ஏற்றபடி கட்டடத்தை வைப்பது வயலுக்கு வரப்புப் போட்ட நம் முன்னோருக்குத் தெரிந்த காரியம்.

3 மார்ச்

மட்டத்தைத் தாழ்த்தச் சொல்வதற்கு ஒரு வரம்பு உண்டு என்பதையும் எழுதிவிட வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் சாலைகளும் ரயில் பாதையும் அரித்துப் போயின. அரித்துப் போன கரையை மறுபடி கட்டும்போது உமிழ்வு இரட்டிப்பாகிறது. வெள்ள மட்டத்துக்கு மேல் வேண்டிய உயரத்தைக் குறைக்கக் கூடாது. தண்ணீர் கடக்கும் சிறுபாலங்களையும் பாலக் கண்களையும் கூட்ட வேண்டும். நான் குறைக்கச் சொல்வது, தண்ணீருக்காக இல்லாமல் வசதிக்காகவும் வழக்கத்துக்காகவும் ஏற்றப்படும் உயரத்தை.

3 மார்ச், இரவு

இதையெல்லாம் ஏன் யாரும் செய்வதில்லை என்று கேட்டால், காசு கன மீட்டருக்கு என்பதால். செய்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகமான எம் புக்கில் எழுதும் அளவு கூடினால் ஒப்பந்ததாரருக்குப் பட்டியல் தொகை கூடுகிறது. ஆலோசகருக்கும் பணி மதிப்பின் சதவீதத்தில்தான் கட்டணம். மண்ணைக் குறைத்தவருக்கு நஷ்டம், கூட்டியவருக்கு லாபம் என்ற ஏற்பாட்டை வைத்துக்கொண்டு உமிழ்வைக் குறைக்கச் சொல்லி என்ன பயன்?

நெதர்லாந்தில் ரயில் கட்டமைப்பு நிறுவனமான ப்ரோரெயில் 2009-இல் கொண்டுவந்த கரியமில வாயுப் படிநிலை முறையில், உமிழ்வைக் குறைக்கும் ஒப்பந்ததாரரின் விலைப்புள்ளியை மதிப்பிடும்போது ஒரு கற்பனைத் தள்ளுபடி கொடுத்து ஒப்பிடுகிறார்கள். இங்கேயும் முடியும். வடிவமைப்பில் மண்ணைக் குறைத்துக் காட்டுபவருக்கு மிச்சத் தொகையில் பாதி என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி போதும்.

4 மார்ச்

காடு வெட்டும் எல்லை பற்றி இரண்டு வரி. முழு நிலத்தையும் முதல் மாதத்திலேயே மொட்டையடித்துவிட்டு, கட்டடம் வராத பாதியில் ஒரு மழைக்குள் கருவேலம் மறுபடி முளைத்து, அதற்கு மறுபடி வெட்டுக்கூலி கொடுத்த பணியை நான் பார்த்திருக்கிறேன். கட்டும் பகுதியை மட்டும், கட்டும் ஆண்டில் வெட்டினால் போதும்.

மேல்மண்ணைத் தனியாக எடுத்து இரண்டு மீட்டர் உயரத்துக்கு மிகாமல் குவித்து வைக்கும்படி மத்திய சாலை அமைச்சகத்தின் விவரக்குறிப்பே சொல்கிறது. உயரமாகக் குவித்தால் உள்ளே காற்றில்லாமல் மண் செத்துவிடும். குவியலின் மேல் சணப்போ கொழிஞ்சியோ விதைத்து, பிறகு பூங்காவுக்கும் சாலையோர மரங்களுக்கும் அதையே போடலாம். நான் பார்த்த பெரும்பாலான பணிகளில் அந்த மண் கிராவலோடு கலந்து கரைக்கு அடியில் போய்விட்டது.

6 மார்ச்

“அப்படியானால் சூரிய மின் பூங்காவுக்காகவும் நிலத்தைத் தொடக் கூடாதா?” என்பவருக்கு: தொடலாம். கமுதியில் 2016-இல் அமைந்த 648 மெகாவாட் பூங்காவைப் போன்ற ஒன்றில் ஒரு ஹெக்டேர் ஆண்டுக்கு ஏறக்குறைய பத்து லட்சம் யூனிட் தரும். அது தவிர்க்கும் உமிழ்வு 700 டன் அளவில் வரும். மேலே போட்ட 80 டன் இரண்டு மாதத்துக்குள் ஈடாகிவிடும். பேனல் தூண்களை நிலத்தின் சரிவிலேயே நட முடியும் என்பதால் சமன் செய்யும் வேலையும் பெரும்பாலும் தேவையில்லை.

முழுதாக மக்காத செடி எச்சங்கள் படிந்த பீட் சதுப்பில் இந்தக் கணக்கு செல்லாது. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் எண்ணெய்ப்பனைக்காக வடிக்கப்பட்ட பீட் நிலத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 40 டன் கரியமில வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும் என்பது ஐ.பி.சி.சி.யின் மதிப்பு. நம் கரிசல், செம்மண் மேட்டுக்குச் சொன்ன எதையும் சதுப்புக்கும் அலையாத்திக்கும் பொருத்த வேண்டாம். அங்கே தோண்டாமல் இருப்பது ஒன்றே வழி.

21 மார்ச்

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, தங்கள் ஊர்ப் பணிக்கு இன்னும் டெண்டர் திறக்கவில்லை, முதலில் எதைக் கேட்பது என்று எழுதியிருக்கிறார்.

முதலில், செடி வெட்டுவதற்கு முன் எடுத்த மட்ட வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். செடி வெட்டி மேல்மண்ணைக் கலைத்த பிறகு எடுத்த மட்டத்தை முதல் மட்டம் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு மண் நகர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வரைபடம் கையில் வந்ததும் ஒரே மேடையா படிமேடையா என்று பாருங்கள். ஒரே மேடை என்றால் படிமேடைக்கான எஸ்டிமேட் போட்டார்களா என்று எழுத்தில் கேளுங்கள். வெட்டும் செடிக்குத் தனி ஏல அறிவிப்பு இருக்கிறதா, கொளுத்தக் கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பது மூன்றாவது. நிரப்பும் மண் எந்தக் கிராமத்து எந்த சர்வே எண்ணிலிருந்து வருகிறது, எத்தனை கிலோமீட்டர் லீட், அதாவது மண் சுமக்கும் தூரம், போட்டிருக்கிறார்கள் என்பது நான்காவது.

வண்டி டீசலா மின்சாரமா என்பதை அதற்குப் பிறகு கேட்கலாம். வரைபடம் கிடைத்தால் இங்கே போடுங்கள். படிமேடைக் கணக்கை நானே போட்டுத் தருகிறேன்.